நாலு நாள்ல கட்டின கப்பல்

கேள்வி: ரெண்டாம் உலகப் போர் சமயத்துல அமெரிக்கால நாலே நாள்ல ஒரு சரக்குக் கப்பல கட்டினாங்களாமே, நிஜமா? இப்படி அவசரமா கட்டினதாலதான் லிபர்ட்டி கப்பல்லாம் ரெண்டா உடைஞ்சுதா?

பதில்: நிஜம்தாங்க. லிபர்ட்டின்னா போருக்காக ஒரே டிசைன்ல நிறைய கட்டின சரக்குக் கப்பல், அதுல ஒண்ணுதான் இது. கப்பல் பேரு ராபர்ட் ஈ. பியரி, கட்டினது கலிபோர்னியா ரிச்மண்ட்ல ஹென்றி கைசர்ங்கற தொழிலதிபரோட கப்பல் கட்டுற யார்டு. 1942 நவம்பர் 8ல அடிக்கட்டைய போட்டாங்க, 12ஆம் தேதி தண்ணில இறக்கிட்டாங்க, கணக்கு பாத்தா 4 நாள் 15 மணி நேரம் சொச்சம். ஆனா இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, பெரிய பெரிய பாகங்கள எல்லாம் முன்னாடியே வெளியில தயார் பண்ணி வச்சுட்டாங்க, கிரேன்ல தூக்கி வச்சு வெல்டிங் அடிச்சதுதான் அந்த நாலு நாள் வேலை. தண்ணில விட்டப்புறமும் மூணு நாள் வேலை பாக்கி இருந்துச்சு. அதே கைசரோட இன்னொரு யார்டு போர்ட்லேண்ட்ல 10 நாள்ல ஒண்ண முடிச்சுட்டாங்க, அத முறியடிக்கணும்னு இறங்கினதுதான் இது. என்னக் கேட்டா பாதி விளம்பரம். மத்த கப்பல்ல யாரும் இந்த வேகத்துக்கு முயற்சி பண்ணல, முதல் லிபர்ட்டி கப்பல் பேட்ரிக் ஹென்றிக்கு 240 நாளுக்கு மேல ஆச்சு, போகப் போக ஒண்ணரை மாசம்னு ஆகிடுச்சு.

இப்ப உடைஞ்ச கதை. எல்லாரும் பாவம் வெல்டிங் பண்ணவங்க மேல பழிய போட்டாங்க, அதுல நிறைய பேர் அப்பதான் புதுசா வேலைக்கு வந்த பொண்ணுங்க. கேம்பிரிட்ஜ்ல கான்ஸ்டன்ஸ் டிப்பர்னு ஒரு விஞ்ஞானி ஆராய்ஞ்சு பாத்து, அந்த எஃகே குளிர்ல கண்ணாடி மாதிரி நொறுங்குற ரகம்னு கண்டுபிடிச்சாங்க. சரக்கு இறக்குற வாய் சதுரமா இருந்ததால அந்த மூலைலதான் விரிசல் ஆரம்பிக்கும். பழைய மாதிரி தகடுகள ரிவெட் (ஆணி மாதிரி) அடிச்சு சேர்த்திருந்தா விரிசல் அந்தத் தகட்டோட நின்னிருக்கும், வெல்டிங்ல மொத்த கப்பலும் ஒரே தகடு மாதிரி ஆகிடுறதால வட அட்லாண்டிக் குளிர்ல நிக்காம ஓடிடும். அதனால வெல்டிங்குக்கு சம்பந்தமே இல்லன்னு சொல்ல வரல, ஆனா வெல்டிங் பண்ணவங்க தப்பு இல்ல. அவசரம்தான் காரணம்னா முதல்ல போயிருக்க வேண்டியது பியரி, அது போரையும் தாண்டி 1963 வரைக்கும் இருந்துச்சு, பால்டிமோர்ல உடைச்சுதான் இரும்புக்குப் போச்சு.

கேள்வி: இப்ப ஏதாவது ஒண்ண பாக்க முடியுமா?

பதில்: முடியும். 2,700க்கு மேல கட்டினதுல ஓடுற நிலைமைல மிஞ்சினது, சான் பிரான்சிஸ்கோல ஜெரமையா ஓ'பிரையனும் பால்டிமோர்ல ஜான் டபிள்யூ. பிரௌனும். ஓ'பிரையன் 1994ல, நார்மண்டில (பிரான்ஸ்) நேச நாட்டுப் படை இறங்கின 50ஆம் வருஷ நினைவுக்கு, அதே நீராவி இன்ஜின்லயே அங்க போயிட்டு வந்துச்சு. டைட்டானிக் படத்துல வர்ற இன்ஜின் ரூம் காட்சிக்கும் இதோட இன்ஜினத்தான் படம் பிடிச்சாங்க.