வேலி இல்லாத காட்டில் ஓமேகா ஏன் ஓடிப்போகவில்லை?

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா கடலூர் துறைமுகத்தில் ஒரு விசைப்படகில் ஸ்ராங்கு, அதாவது படகை நடத்திச் செல்கிறவர். நான் ஓர் ஓநாய்க் கூட்டத்தை வைத்துத் தொடர்கதை எழுதி வருகிறேன். பனிமலை, பேசும் ஓநாய்கள். கூட்டத்தில் ஒன்பது படிகள்: ஆல்ஃபா, அதன் துணை லூனா, பீட்டா, காமா, டெல்டா, வேட்டையர், காவலர், மருத்துவச்சி, கடைசியில் ஓமேகா. கதாநாயகி நீலி ஓர் ஓமேகா. எல்லோரிடமும் கடி வாங்குகிறவள். புதுச்சேரியில் இருக்கும் அத்தை மகள், "நிஜ ஓநாய்க்குப் பதவியே கிடையாது, எல்லாம் கட்டுக்கதை, தூக்கிப் போடு" என்கிறாள். தோழிகளோ, "நீலி எப்பப் பார்த்தாலும் அழுதுகிட்டே இருக்கா" என்று சலித்துக்கொள்கிறார்கள். படிகளை வைத்துக்கொள்ளலாமா, எடுத்துவிடட்டுமா? இன்னொரு சின்னச் சந்தேகம்: ஏழாம் அத்தியாயத்தில் மார்கழிக் குளிரில் லூனாவுக்குக் குட்டிகள் பிறக்கின்றன. அது சரியா?
— வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

படிகளை எடுக்க வேண்டாம். ஒன்பது வேண்டுமா என்பதை அப்புறம் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய அத்தியாயங்களைப் படித்தபோது எனக்கு ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. நீலியை எல்லோரும் கடிக்கிறார்கள், சாப்பாட்டில் எலும்புதான் மிச்சம், குகை வாசலில் படுக்கை. சரி, அவளுக்கு நாலு கால் இருக்கிறதே, சுற்றிலும் காடு இருக்கிறதே, ஏன் போகவில்லை? இதற்குக் கதையில் பதில் இல்லை. அதனால்தான் அவள் அழுகை தோழிகளுக்கு உறைக்கவில்லை. பேரும் நீலி, வேலையும் கண்ணீர் என்றால் அவர்கள் சிரிக்காமல் இருப்பதே பெரிது.

இந்த ஆல்ஃபா, ஓமேகா எல்லாம் எங்கே பிறந்தன என்று தெரிந்தால் நான் கேட்பதன் காரணம் புரியும். ஸ்விட்சர்லாந்தில் பாசல் நகர உயிரியல் பூங்காவில் ஓநாய்களைக் கவனித்து, ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் 1947இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அடைப்பு சுமார் 10 மீட்டருக்கு 20 மீட்டர். அதற்குள் பத்து ஓநாய்கள் வரை. ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்த கூட்டம் கிடையாது, கொண்டுவந்து சேர்த்து அடைத்தவை. அங்கே ஆணில் ஒன்றும் பெண்ணில் ஒன்றும் மேலே ஏறி உட்கார்ந்தன. மற்றவை ஒன்றையொன்று அடக்கிக்கொண்டே இருந்தன. கடைசியில் ஒன்று எல்லோருக்கும் கடிபடும். அது மூலைக்கு ஓடும், மூலையில் கம்பி இருக்கும், திரும்ப வந்து கடிபடும். உலகம் முழுக்கக் கதைகளில் உலவுகிற ஓமேகாவின் தாய்வீடு அந்தக் கம்பி அடைப்புதான்.

காட்டில் நிலைமை வேறு. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மீச், கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் 1986 முதல் கோடைதோறும் ஒரு கூட்டத்தின் பக்கத்திலேயே இருந்து பார்த்தார். 1999இல் அவர் எழுதியது இதுதான்: காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, இந்த வருடத்துக் குட்டிகள், போன வருடத்தவை, அதற்கு முந்தைய வருடத்தவை சில. பெற்றோர் முன்னால் நிற்கிறார்கள் என்றால் பெற்றவர்கள் என்பதால் நிற்கிறார்கள். சண்டை போட்டு வென்ற பதவி இல்லை அது. பிள்ளைகள் ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் கிளம்பிப் போய், துணை தேடி, தனிக்குடித்தனம் வைத்துவிடும். நம் கதைகளில் சோகமாக ஊளையிடும் 'தனி ஓநாய்' அநேகமாக வரன் தேடிப் போகிற பிள்ளைதான். ஆல்ஃபா என்ற சொல்லைப் பரப்பியதில் 1970இல் வந்த மீச்சின் புத்தகத்துக்கும் பங்குண்டு. பிறகு அவரே பதிப்பாளரிடம் அதை அச்சடிப்பதை நிறுத்தச் சொன்னார்.

ஆக உங்கள் அத்தை மகள் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியை அவளுக்கு நீங்கள் சொல்லலாம்.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் ஓநாய் அடியோடு அழிந்துபோய், 1995லும் 1996லும் கனடாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அங்கே ட்ரூயிட் என்று ஒரு கூட்டம். இரை ஏராளம், நல்ல பள்ளத்தாக்கு. அதனால் வளர்ந்த பெண் ஓநாய்கள் பல ஒரே கூட்டத்தில் தங்கிவிட்டன. அங்கே மேல், கீழ் எல்லாம் நிஜமாகவே இருந்தது. 40 என்று எண்ணிட்ட பெண் ஓநாய்தான் மேலே. கூடப்பிறந்த 42ஐ ஓயாமல் கடித்து அடக்கியது. 42 ஈன்ற குட்டிகளையும் அதுதான் கொன்றது என்று கவனித்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். 2000ஆம் ஆண்டு மே மாதம் 40ஐக் குதறப்பட்ட நிலையில் கண்டார்கள். பிழைக்கவில்லை. தாக்கியது வெளிக்கூட்டம் இல்லை, அதுநாள்வரை அதனிடம் கடிபட்டவைதான் என்று முடிவுக்கு வந்தார்கள். அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த இடம். 42 தன் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு போய், 40இன் வளையில், 40இன் குட்டிகளோடு சேர்த்து வைத்து எல்லாவற்றையும் வளர்த்தது. மறுவருடம் அந்தக் கூட்டத்தில் 37 ஓநாய்கள். சாதாரணமாக ஒரு கூட்டத்தில் பத்துக்குள்தான் இருக்கும்.

42 ஏன் அத்தனை வருடம் போகாமல் இருந்தது? அந்தப் பள்ளத்தாக்கை விட்டால் வேறு கூட்டங்களின் எல்லை. உள்ளே கடி, வெளியே சாவு. அதுதான் அதன் வேலி. பாசலில் கம்பி, இங்கே இரையும் அண்டைக் கூட்டமும்.

இதை என்னைவிட நன்றாக உங்கள் அப்பா சொல்வார். போனால் சில நாள் கழித்துத் திரும்பும் போட்டில், கரை மறைந்த பிறகு ஸ்ராங்கு சொல்வதுதான் சட்டம். போட்டு ஓனர் கரையில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், வலையை எங்கே இறக்குவது என்று அங்கே சொல்ல முடியாது. புதிதாக ஏறிய பையன் தலையில் பெரும்பாலும் சமையல் வேலை விழும். சோறு குழைந்தால் வசை, உப்பு கூடினால் வசை. அவன் என்ன செய்வான்? சுற்றிலும் தண்ணீர். கரைக்கு வந்ததும் கணக்கு மாறுகிறது. ஏலம் முடிந்து, டீசல், ஐஸ் செலவு கழித்துப் பங்கு பிரிக்கும்போது ஓனர் பேச்சு மேலே ஏறுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் போட்டு துறையில் நிற்கும்போது, வசை வாங்கிய பையன் வேறு போட்டுக்கு மாற நினைக்கலாம். ஓனரிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தானானால், அதைத் திருப்பித் தராமல் மாறுவது கஷ்டம். பாருங்கள், கடலில் தண்ணீர் வேலி, கரையில் கடன் வேலி. வேலி மாறும்போது யார் சொல் செல்லும் என்பதும் மாறுகிறது. உங்கள் ஒன்பது படியும் குகையிலும் வேட்டையிலும் எல்லையிலும் ஒரே மாதிரி அசையாமல் நிற்கின்றன. போட்டு வீட்டுப் பெண் இப்படி எழுதலாமா?

ஆகவே நீலிக்கு ஒரு வேலி கட்டுங்கள். அவள் பாலூட்டாவிட்டாலும் குட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவளாக இருக்கலாம். பெரியவர்கள் வேட்டைக்குப் போகும்போது ஓரிரு வயது ஓநாய்கள் குட்டிகளோடு தங்கிவிடுவது நிஜத்திலும் உண்டு. அவள் போனால் அந்தக் குட்டிகளுக்கு யார்? அல்லது பழைய கூட்டத்தில் அவள் செய்த ஒரு காரியத்தால் வெளியே எந்த எல்லையிலும் அவளை உயிரோடு விடமாட்டார்கள். அல்லது பீட்டாவுக்கு அவள் உயிர்க்கடன் பட்டிருக்கிறாள். எது என்பது உங்கள் இஷ்டம். அது கிடைத்துவிட்டால் அழுகையைப் பாதிக்குமேல் நீங்களே வெட்டிவிடுவீர்கள். போக முடியாதவள் அழ நேரமில்லாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள்.

படிநிலையைக் காட்டுகிற இடங்களிலும் ஒரு திருத்தம். உங்கள் கதையில் யாராவது ஆல்ஃபா முன்னால் வந்தால் உடனே "தலைவணங்கினான்" என்று எழுதுகிறீர்கள். ஓநாய் எதற்கு அரசவைக் கும்பிடு போட வேண்டும்? அதனிடம் இன்னும் நல்ல சைகை இருக்கிறது. உடம்பைத் தாழ்த்தி, காதைப் பின்னுக்கு மடித்து, வாலைக் கீழே ஆட்டிக்கொண்டு வந்து, பெரியதன் வாயோரத்தை நக்கும். இது குட்டிப் பருவத்துப் பழக்கம். வேட்டையிலிருந்து திரும்பும் பெரியவர்களின் வாயைக் குட்டிகள் இப்படித்தான் நக்கும். பெரியது வயிற்றிலிருக்கும் இறைச்சியைக் கக்கிக் கொடுக்கும். வளர்ந்த பிறகு அதே அசைவு பணிவாகிவிடுகிறது. ஓர் எதிரி ஆல்ஃபாவின் வாயை நீலி நக்கவேண்டிய கட்டம் வந்தால், "எனக்குச் சோறு போடு" என்று கெஞ்சிய வாய் அது என்று அவள் உடம்புக்கு நினைவிருக்கும். அந்த ஒரு கட்டத்துக்காகவாவது கும்பிடுகளை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, சாப்பாடு. ஆல்ஃபா தின்று முடிக்கும்வரை எல்லோரும் வரிசையில் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். பெரிய இரை விழுந்தால் எல்லோருமாகச் சேர்ந்து தின்பதும் உண்டு. இரை சிறிதானால் பெற்றோர் கை ஓங்கும், அதிலும் குட்டிகளுக்கு முதலில் போகும்படி பார்த்துக்கொள்வார்கள். அதைவிடச் சுவையான விஷயம், ஓநாயின் வாய்க்கு முன்னால் இருக்கும் ஒரு சாண், இரு சாண் இடம் அதற்கே சொந்தம். கீழ்ப்படியில் இருப்பதுகூடத் தன் வாயில் கவ்விய துண்டை மேல்படி ஓநாயிடம் விட்டுக்கொடுக்காமல் உறுமிக் காப்பாற்றிக்கொள்ளும். நீலி வாயில் ஒரு துண்டைக் கவ்வட்டும். ஆல்ஃபா எதிரே வந்து நிற்கட்டும். அவள் விடக்கூடாது. கூட்டம் முழுக்க அதைப் பார்க்கட்டும். நாலு பக்கம் புலம்பலைவிட அவள் யார் என்பது அங்கே தெரிந்துவிடும்.

சரி, ஒன்பது படிக்கு வருவோம். காமாவும் டெல்டாவும் என்ன வேலை செய்கிறார்கள் என்று தேடினேன். இருவரும் பீட்டாவுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள், அவ்வளவுதான். எடுத்துவிடுங்கள். வேட்டையர், காவலர் இரண்டும் வேலைகள், படிகள் இல்லை. நிஜக் கூட்டத்தில் வேட்டைக்குப் போகிறவரேதான் எல்லையில் சிறுநீர் தெளித்து மோப்பக்குறி வைக்கிறவரும். மருத்துவச்சி நிஜ ஓநாய்க்குக் கிடையாது, ஆனால் பேசும் ஓநாய்க்கு இருந்துவிட்டுப் போகட்டும், அந்தக் கிழவி எனக்குப் பிடித்திருக்கிறது. லூனா வெறும் ஆல்ஃபாவின் மனைவியாக நிற்பதுதான் குறை. குட்டி பிறந்த நாட்களில் வளை எங்கே, யார் உள்ளே வரலாம் என்பதில் தாய் ஓநாய் சொல்வதுதான் நடக்கும். அப்பா இரையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிற ஆள். அந்த வாரங்களில் உங்கள் ஆல்ஃபாவை வாசலில் காக்க வையுங்கள். கர்வம் பிடித்தவனுக்கு அது நல்ல வேலை.

பீட்டாவை யார் என்று முடிவு செய்துவிட்டு எழுதுங்கள். மகனா, தம்பியா, வெளியிலிருந்து வந்தவனா? மகன் என்றால் அவன் ஆல்ஃபாவைக் கவிழ்க்கத் திட்டம் போடுவதைவிட, கிளம்பிப் போவதுதான் இயல்பு. அவனும் போகாமல் இருந்தால், நீலிக்குக் கேட்ட கேள்வியை அவனுக்கும் கேட்க வேண்டியிருக்கும்.

கடைசியாக ஏழாம் அத்தியாயம். பனி நாட்டு ஓநாய்கள் குளிர்காலக் கடைசியில் இணையும். சினைக்காலம் சுமார் 63 நாள். ஆகவே குட்டிகள் பிறப்பது ஏப்ரல், மே வாக்கில். நாலிலிருந்து ஆறு குட்டி வரை சாதாரணம். கண் திறக்க இரண்டு வாரம் ஆகும். உங்கள் குட்டிகள் பிறந்த அன்றே நிலாவைப் பார்க்கின்றன, அதையும் கவனியுங்கள். நம் நாட்டுச் சமவெளி ஓநாய் வேறு. பனி கிடையாது, புல்லும் முள்ளும் காய்ந்த வெட்டவெளி, வெளிமான், ஆட்டுக்கிடை, கிடைக்குக் காவல் நாய். உடம்பும் சிறியது, கூட்டமும் சிறியது. அது ஐப்பசி, கார்த்திகை வாக்கில் இணைந்து, டிசம்பரை ஒட்டியே குட்டி போடும். ஆகவே மார்கழிப் பிறப்புதான் வேண்டும் என்றால் பனிமலையை விட்டுவிட்டுக் கூட்டத்தை முள்காட்டுக்குக் கொண்டுவாருங்கள். பனிமலைதான் வேண்டும் என்றால் குட்டிகளைச் சித்திரைக்குத் தள்ளுங்கள், எட்டாம் அத்தியாயத்தில் வரும் பனிப்புயலையும் அப்போது முன்னால் இழுக்க வேண்டியிருக்கும்.