முதல் இரவில் சொன்ன சொல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள டாக்டர்,

பொது மருத்துவம் முடித்துவிட்டேன். நரம்பியல் படித்து, பக்கவாதம், நரம்பியல் தீவிர சிகிச்சை என்று போக ஆசை. சீனியர்களோ, "அங்கே பலர் பிழைக்க மாட்டார்கள், பிழைத்தாலும் எழுந்து நடக்க மாட்டார்கள். ஐந்து வருடத்தில் மனசு விட்டுப்போகும்" என்கிறார்கள். உங்களுக்கு அப்படி ஆனதுண்டா?

ர.

அன்புள்ள ர.,

ஆனதுண்டு.

அவசர சிகிச்சைப் பக்கம் உற்சாகத்துக்குக் குறைவில்லை. மூளைக்குப் போகும் ரத்தத்தை அடைக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு 1995-இல் கெடு, பக்கவாதம் தொடங்கியதிலிருந்து 3 மணி நேரம். 2008-இல் நாலரை ஆனது. 2015-இல், கட்டியைக் குழாய் வழியே உருவி எடுப்பது பலன் தருமென்று நிரூபணமானது. 2018-இல், ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு அப்படி உருவி எடுப்பதற்கான கெடு 24 மணி நேரம் வரை நீண்டது. பேச்சிழந்து வந்தவர் சிகிச்சை மேஜையிலேயே மனைவியின் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு சொல் பல மாதம் நம்மைத் தாங்கும்.

என் மனசு விட்டுப்போனது ஐசியுவில், என் வாயால். மூளையில் பெரிய ரத்தக்கசிவோடு வந்தவரின் மகனிடம், முதல் இரவே, "நம்பிக்கை வைக்காதீர்கள்" என்று சொன்னேன். ஸ்கேன் அப்படித்தான் இருந்தது. ஆனால் இந்த நோயில் நம் கணிப்பே நோயாளியைக் கொல்லக்கூடும். தேறமாட்டார் என்கிறோம், சிகிச்சை தளர்கிறது, அவர் இறக்கிறார், நாம் சொன்னது பலித்ததாக நினைத்துக்கொள்கிறோம். சிகிச்சையைக் குறைக்கும் முடிவை இரண்டாவது முழு நாள் வரையாவது தள்ளிப்போடுங்கள் என்று வழிகாட்டி நெறிகள் சொல்வது இதனால்தான். (முன்பே எழுதிவைத்த விருப்பம் இருந்தால் அது வேறு.)

அந்த மகன் என் பேச்சைக் கேட்கவில்லை. "எல்லாம் செய்யுங்கள்" என்றார். பதினோராம் நாள் காலை, மயக்க மருந்தை நிறுத்திவிட்டு, அப்பாவின் காதருகே குனிந்து, "கட்டைவிரலைத் தூக்குங்க ஐயா" என்றேன். இடது கட்டைவிரல் நடுங்கி, மெல்ல எழுந்து, நின்றது. மகன் விரலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். வலது பக்கம் பிறகும் தேறவில்லை, பேச்சும் பாதிதான் வந்தது. ஆனாலும் வீட்டுக்குப் போனார்.

எல்லோரும் இப்படித் தேறுவதில்லை. தேறாதவர்களின் வீட்டாரோடு உட்கார்ந்து பேசுவதும் இந்த வேலைதான், அதற்கும் மனம் வேண்டும். உங்கள் கடிதத்தில் அது இருக்கிறது. வாருங்கள்.

வந்தால், காலை ரவுண்ட்ஸில் ஸ்கேனைத் திறக்கும் முன் இரவு டியூட்டி நர்ஸிடம் கேளுங்கள். அந்த விரல் முந்தைய இரவே அசைந்ததை எனக்குச் சொன்னவர் அவர்தான்.