லீவுக்கு வருமுன்னே வாங்க வேண்டிய மாத்திரை

கேள்வி: கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது. கத்தாரில் வேலை பார்க்கும் கணவர் இரண்டு மாதத்தில் லீவுக்கு வருகிறார், குழந்தை வேண்டும் என்றிருக்கிறோம். மெடிக்கலில் மல்டிவைட்டமின் டப்பா, மீன் எண்ணெய் மாத்திரை, புரோட்டீன் பவுடர் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்கு மேல் சொல்கிறார்கள். கணவர் அங்கிருந்தே நல்ல டப்பா கொண்டு வருகிறேன் என்கிறார். அரசு ஆஸ்பத்திரியில் சும்மா கிடைக்குமே என்பது மாமியார் கட்சி. எதை வாங்குவது?
- வாசகி, தக்கலை

பதில்: மாமியார் கட்சியில் நியாயம் இருக்கிறது, சகோதரி. ஆனால் ஒரு மாத்திரைக்கு மட்டும் நீங்கள் கர்ப்பம் உறுதியாகும்வரை காத்திருக்கக் கூடாது. அது போலிக் ஆசிட். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய், கருத்தரித்து சுமார் 28 நாளில் மூடிவிடும். நாள் தள்ளிப்போய், கிட் வாங்கிப் பார்த்து, டாக்டரிடம் போவதற்குள் அந்த வேலை ஏறக்குறைய முடிந்திருக்கும். அதனால் கணவர் ஊருக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கி, கர்ப்பத்தின் முதல் 12 வாரம் வரை தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்க வேண்டும். நீங்கள் வாங்க வேண்டியவற்றில் முக்கியமானதும் இதுதான், விலை குறைந்ததும் இதுதான்.

வாங்கும்போது அளவைப் பாருங்கள். போலிக் ஆசிட் என்று மட்டும் கேட்டால் பல கடைகளில் 5 மில்லிகிராம் மாத்திரையைக் கொடுத்துவிடுவார்கள். அது 400 மைக்ரோகிராமைப் போல பன்னிரண்டு மடங்குக்கும் மேல். முந்தைய குழந்தைக்குத் தண்டுவடக் குறை இருந்தவர்கள், வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் போன்றோருக்கு டாக்டர் எழுதுகிற அளவு அது.

இரும்புச்சத்துக்கு அரசு மாத்திரையே போதும். கர்ப்பிணிகளுக்குத் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் ஆசிடும் இருக்கின்றன. நான்காம் மாதத்திலிருந்து 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் என்பது கணக்கு. கால்சியமும் தருவார்கள். இரண்டையும் சேர்த்து விழுங்காதீர்கள், கால்சியம் இரும்பை உடலில் சேரவிடாது. இரும்பு மாத்திரையோடு டீயும் வேண்டாம். இரத்தசோகை இருந்தால் அளவு மாறும், அதை இரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

தனியாரில் வாங்கினால் 'எலிமென்டல் அயன்', அதாவது மாத்திரையில் உள்ள சுத்த இரும்பின் அளவு, என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். பெரஸ் பியூமரேட் 200 மில்லிகிராம் என்று பெரிதாக அச்சிட்டிருந்தாலும் அதில் இரும்பு சுமார் 65 மில்லிகிராம்தான்.

இனி வெளிநாட்டு டப்பா. ஜெல்லி மிட்டாய் மாதிரி வரும் 'கம்மி' (gummy) வகைகளில் பெரும்பாலும் இரும்பே இருக்காது. மீன் எண்ணெய் வேறு, மீன் ஈரல் எண்ணெய் வேறு. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ, ரெட்டினால் வடிவில் இருக்கும். அது ஒரு நாளில் 10,000 ஐயு (டப்பாவில் IU என்று போட்டிருக்கும் அளவு) தாண்டினால் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு ஊனம் வரக்கூடும். காட் லிவர் என்று எழுதியிருந்தால் வாங்கவே வேண்டாம் என்று கணவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று டப்பாக்களைச் சேர்த்துச் சாப்பிடும்போதும் இதே ஆபத்து உண்டு. நமக்குச் சாளையும் நெத்திலியும் குளச்சலிலிருந்து வருகின்றன, வாரம் இரண்டு நாள் குழம்பு வைத்தால் அந்த மீன் எண்ணெய் மாத்திரைக்கே தேவை இருக்காது. சுறா மட்டும் இந்தக் காலத்தில் வேண்டாம், பாதரசம் அதிகம்.

புரோட்டீன் பவுடர்? பயறும் முட்டையும் மீனும் சாப்பிடுகிறவர் என்றால் அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

பலரும் மறந்துவிடுவது உப்பு. நம் மாவட்டத்துப் புத்தளம் பக்கத்து உப்பளங்களிலிருந்து சில்லறையாக வரும் கல்லுப்பைப் பல வீடுகளில் இன்னும் போடுகிறார்கள். கடல் உப்பில் அயோடின் தானாகப் போதிய அளவு இருக்காது. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அது வேண்டும், அயோடின் கலந்தது என்று அச்சிட்ட பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக, மெடிக்கலில் காட்டிய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) தரும் 14 இலக்க உரிம எண்ணும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வரியும் இருந்தால் அது உணவுப் பொருள் வகை, மருந்து அல்ல. குழந்தை சிவப்பாகப் பிறக்கும், புத்திசாலியாகும் என்று விற்றால் நம்பாதீர்கள். பில் கேட்டு வாங்குங்கள், அட்டையை வெட்டித் தந்தால் காலாவதித் தேதி உள்ள பக்கமாகக் கேளுங்கள். ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைக்கலாம், நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. இரண்டுக்கும் அந்த பில் வேண்டும்.