முதலில் கேஸ் ஷீட்டைக் கேளுங்கள்

ஆறு வருடம் பிரசவ அறையில் செவிலியராக இருந்தேன். பிறகு சட்டம் படித்து, இப்போது உதகையில் வழக்காடுகிறேன். தொப்புள்கொடியால் பிரசவத்தில் குழந்தைக்கு நேரும் பாதிப்பு, அதற்குச் சட்டத்தில் உள்ள வழி, இவை பற்றி மட்டும் கேளுங்கள் என்றுதான் வாசகர்களிடம் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி வேறு கேள்விகள். போகட்டும், தொடங்குவோம்.

கோத்தகிரி வாசகி: எனக்கு 31ஆவது வாரம். ஸ்கேனில் குழந்தையின் கழுத்தில் கொடி ஒரு சுற்று சுற்றியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். கொழுந்துக் கூடையின் பட்டையைத் தலையில் மாட்டி வேலை செய்ததால்தான் இப்படி ஆனது என்று மாமியார் தினமும் சொல்கிறார்.

கூடைப் பட்டை உங்கள் தலையில் இருந்தது, கொடி உங்கள் கருப்பையில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. மாட்டுக் கயிற்றைத் தாண்டியதும் காரணமில்லை, கை தூக்கித் துணி காயப்போட்டதும் காரணமில்லை. கொடி ஏறக்குறைய 50 முதல் 60 செ.மீ. நீளம். அதற்குள் குழந்தை நீந்திக்கொண்டே இருக்கிறது, சுற்றிக்கொள்ளும், அவிழ்த்தும் கொள்ளும். நான்கைந்து பிரசவத்தில் ஒன்றில் கொடி கழுத்தைச் சுற்றித்தான் இருக்கும். தலை வெளியே வந்ததும் செவிலியர் விரலை விட்டுத் தளர்த்தி, தலைக்கு மேலாகக் கழற்றிவிடுவார். மாலையைக் கழற்றுகிற மாதிரிதான். கொடிக்குள்ளே இரத்தக் குழாய்களைச் சுற்றி வழவழப்பான கூழ் ஒன்று இருக்கிறது, அது எளிதில் நசுங்கவிடாது. இதற்காகவே சிசேரியன் வேண்டும் என்று யாராவது சொன்னால், வேறு காரணம் உண்டா என்று கேளுங்கள். குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் மட்டும் இரவு, மழை என்று பாராமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மஞ்சூரிலிருந்து ஒரு தந்தை: தனியார் மருத்துவமனையில் பிரசவம். பனிக்குடம் உடைந்ததும் கொடி வெளியே வந்துவிட்டது என்றார்கள். குழந்தை அழவில்லை. இப்போது 14 மாதம், கழுத்து நிற்கவில்லை. மூளை முடக்குவாதம் என்கிறார்கள். வழக்குப் போட முடியுமா?

முடியும். வெல்ல முடியுமா என்பது வேறு கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்களுக்கு நேர்ந்தது கழுத்தில் சுற்றியது அல்ல, கொடி இறங்கியது. அரிதாக நடப்பது, ஆனால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. குழந்தையின் தலைக்கும் தாயின் இடுப்பெலும்புக்கும் நடுவே கொடி மாட்டி நசுங்கும், பிராணவாயு நின்றுபோகும். அப்போது செய்ய வேண்டியது இதுதான்: உள்ளே கையை விட்டுத் தலையை மேலே தள்ளிப் பிடிக்க வேண்டும், தாயை முழங்காலும் மார்பும் படுக்கையில் படும்படி குப்புறப் படுக்க வைக்க வேண்டும், உடனே சிசேரியனுக்குக் கொண்டுபோக வேண்டும். நான் ஒருமுறை ஓடும் வாகனத்தில் அப்படிப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். நாற்பது நிமிடம் கையை எடுக்கவில்லை. விரலுக்கு இடையில் அந்தக் கொடி பல்லியின் தொண்டை போலத் துடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் துடிப்பு கொஞ்சம் குறையும், நான் இன்னும் கொஞ்சம் தள்ளுவேன். அன்று பிறந்த பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். என் வலது மணிக்கட்டு இன்றைக்கும் குளிரில் வலிக்கும்.

உங்கள் விஷயத்தில் கேட்க வேண்டியது மூன்று. கொடி இறங்கியதை எத்தனை மணிக்குப் பார்த்தார்கள்? அறுவை எத்தனை மணிக்கு? நடுவில் என்ன செய்தார்கள்? இன்னொன்றும் உண்டு: பனிக்குடம் தானாக உடைந்ததா, அவர்கள் உடைத்தார்களா? தலை இன்னும் மேலேயே இருக்கும்போது உடைத்திருந்தால் அது பெரிய கேள்வி.

இதற்கெல்லாம் பதில் கேஸ் ஷீட்டில், அதாவது மருத்துவமனை எழுதி வைக்கும் சிகிச்சைப் பதிவேட்டில், இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரி போதாது, அது சுருக்கம். குழந்தையின் இதயத்துடிப்பை எழுதிய தாள், பார்டோகிராம் (பிரசவம் எப்படி முன்னேறியது என்று குறிக்கும் வரைபடம்), சி.டி.ஜி. பட்டை (குழந்தையின் துடிப்பைக் கருவி வரைந்த தாள்), மயக்க மருந்துக் குறிப்பு, குழந்தை மருத்துவரின் குறிப்பு எல்லாவற்றின் நகலும் வேண்டும். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டு வரை அவர்கள் அதைப் பாதுகாக்க வேண்டும். ஒருமுறை எனக்கு வந்த கேஸ் ஷீட்டில் 8.40க்குத் துடிப்பு 140 என்று நீல மையில் இருந்தது. அடுத்த வரி 9.30. நடுவில் இரண்டு வரிகளைக் கறுப்பு மையில் இடுக்கி இடுக்கி எழுதியிருந்தார்கள். நான் அந்த வழக்கில் வேறு எதையும் பெரிதாகப் பேசவில்லை.

எங்கே போவது? கட்டணம் செலுத்திய சிகிச்சை என்பதால் நுகர்வோர் ஆணையம். மருத்துவமும் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019 சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் தரலாம், அதனால் கோயம்புத்தூரில் பிரசவமானவர்களும் உதகையில் போடலாம். மருத்துவமனைக்கு நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை. ஆனால் காலக்கெடு 2 ஆண்டு. உங்களுக்கு இன்னும் 10 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிப்பு பின்னால்தான் தெரிய வந்தது என்று வாதாடலாம், தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளக் கேட்கலாம். அதை நம்பி உட்காராதீர்கள்.

கடைசியாக ஒன்று, கசப்பானது. மூளை முடக்குவாதம் எல்லாம் பிரசவத்தில் வருவதில்லை. பல குழந்தைகளுக்கு அது கருவிலேயே தொடங்கிவிடுகிறது. எம்.ஆர்.ஐ., பிறந்த முதல் நாள்களில் வலிப்பு வந்ததா என்ற குறிப்பு, அப்கார் மதிப்பெண் (பிறந்தவுடன் குழந்தையின் நிலைக்குத் தரும் மதிப்பெண்), கொடி இரத்தப் பரிசோதனை இருந்தால் அது, இவற்றைப் பார்த்து வேறொரு மகப்பேறு மருத்துவர் கருத்துத் தர வேண்டும். அது உங்களுக்குச் சாதகமாக இல்லாமலும் போகலாம்.

கூடலூர் வாசகர்: அரசு மருத்துவமனையில் இலவசப் பிரசவம். எங்களுக்கு வழியே இல்லையா?

எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்கும் இடத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவருவது கடினம். அரசுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் ரிட் மனு உண்டு, அல்லது அரசுக்கு 2 மாத நோட்டீஸ் கொடுத்து உரிமையியல் வழக்கு. சென்னை அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்து பார்வையிழந்த ஒரு குழந்தைக்கு 2015இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் தரச் சொன்னது. அரசு என்பதால் பொறுப்பு கரைந்துவிடாது. முதலில் கேஸ் ஷீட்.

பந்தலூர் வாசகர்: எஸ்டேட் மருத்துவமனை. பணம் கட்டவில்லை.

வேலை நிபந்தனையின் பகுதியாக முதலாளி செலவை ஏற்றால் அது இலவசம் ஆகாது. 1995 தீர்ப்பிலேயே இருக்கிறது. பணியாளர் அட்டையை எடுத்து வையுங்கள். கேஸ் ஷீட் கேட்டீர்களா?

குன்னூர் வாசகர்: இணையத்தில் பார்த்தேன். வென்றால் மட்டும் கட்டணம் என்கிறார்கள். இங்கே ஒருவரும் அப்படிச் சொல்கிறார், கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு கேட்கிறார்.

நீங்கள் பார்த்தது அமெரிக்காவின் பழக்கம். இங்கே வழக்கின் முடிவில் பங்கு பேசும் வழக்கறிஞர், வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதியை மீறுகிறார். வழக்கறிஞரே இல்லாத தரகராக இருந்தால் இன்னும் மோசம். அசல் ஆவணத்தை யாரிடமும் தராதீர்கள், வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. உதகையில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தொலைபேசி 15100. அங்கே ஒருவரும் பங்கு கேட்கமாட்டார்.

அருவங்காடு வாசகி: 28ஆவது வாரம், கொடி ஒரு சுற்று…

முதல் பதிலைப் படியுங்கள்.

உதகை வாசகர்: என் தங்கைக்குக் குழந்தை மாலை சுற்றிப் பிறந்திருக்கிறது. மாமனுக்கு ஆகாது, எண்ணெயில்தான் முகம் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நான் மாமன்.

எண்ணெயில் பாருங்கள், தண்ணீரில் பாருங்கள், ஆனால் போய்ப் பாருங்கள். நான்கைந்து குழந்தைக்கு ஒரு மாமன் என்று கணக்குப் போட்டால் இந்த மலையில் மாமன்களே மிஞ்சியிருக்கமாட்டார்கள். போகும்போது காதுகுத்துக்கு எவ்வளவு ஆகும் என்றும் கேட்டுவிட்டு வாருங்கள், உண்மையான ஆபத்து அதுதான்.

கூடலூர் பக்கத்தில் சிறிய மருத்துவமனை நடத்தும் ஒரு மருத்துவர்: நீங்கள் வழக்குப் போடச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். என்னிடம் மயக்க மருந்து நிபுணர் வாரத்தில் 3 நாள்தான் வருகிறார். உதகை 50 கி.மீ. சாலையில் யானை நின்றால் அதுவும் இல்லை. இப்படிப் பயமுறுத்தினால் நாளை இங்கே பிரசவம் பார்க்க யார் இருப்பார்கள்?

டாக்டர், சட்டம் உங்களிடம் கோயம்புத்தூரைக் கேட்கவில்லை. உங்கள் இடத்தில், உங்கள் வசதியில், சராசரித் திறமையுள்ள மருத்துவர் என்ன செய்திருப்பாரோ அதைத்தான் கேட்கிறது. கிரிமினல் வழக்கு என்றால் அதையும் தாண்டி, அப்பட்டமான அலட்சியம் வேண்டும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிபுணர் மூன்று நாள்தான் வருகிறார் என்று கர்ப்பிணியிடம் சொன்னீர்களா? அதுதான் என் கேள்வி.

மஞ்சூர் தந்தை: எங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, டாக்டர். இரண்டு மணி நேரம் வெளியே நின்றேன்.

மருத்துவர்: உங்கள் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் கொடி இறங்குவதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

கோத்தகிரியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: வக்கீல் அம்மா முன்னாள் செவிலியர் என்பதால் மருத்துவமனைகளை மென்மையாகத்தான் பேசுகிறார்.

சார், மென்மை என்று என்னை யாரும் இதுவரை சொன்னதில்லை, நன்றி. டாக்டர் சொல்வதில் பாதி சரி. எந்த மணிக்கு இறங்கும் என்று சொல்ல முடியாது. யாருக்கு இறங்கக்கூடும் என்று சொல்லலாம்: குழந்தை குறுக்கே கிடந்தால், கால் கீழே இருந்தால், இரட்டை என்றால், பனிக்குட நீர் அதிகம் என்றால், நாள் நெருங்கியும் தலை இறங்கவில்லை என்றால். அவர்களை வலி வரும் முன்பே உதகைக்கோ கோயம்புத்தூருக்கோ அனுப்பிவிட வேண்டும். கீழே இறங்கும் பர்லியார் மலைச்சாலையில் மண் சரிந்த பிறகு அனுப்புவது அனுப்புவது ஆகாது. மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தையின் உடலைக் குளிர்விக்கும் சிகிச்சையையும் பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். மலையில் இருப்பவருக்கு அந்த ஆறில் எத்தனை மணி நேரம் சாலைக்கே போய்விடும் என்று டாக்டருக்குத் தெரியும்.

மருத்துவர்: அனுப்பினால் ‘காசு பிடுங்க கீழே அனுப்புகிறார்’ என்கிறார்கள்.

சொல்வார்கள். அனுப்பியதற்கான காரணத்தையும் மணியையும் எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். உங்களைக் காப்பாற்றப்போவதும் அதே கேஸ் ஷீட்தான். இதோடு இந்த விவாதத்தை முடிக்கிறேன், அடுத்தவர்கள் காத்திருக்கிறார்கள்.

குந்தா வாசகர்: ஆள்களைக் கூட்டிப்போய்க் கேட்டால்தான் பயப்படுவார்கள்.

ஒரு நாற்காலி உடைந்தாலும், மருத்துவமனைகளில் வன்முறையைத் தடுக்கும் 2008 தமிழ்நாட்டுச் சட்டத்தில் பிணையில்லாக் குற்றம். குழந்தைக்காகப் போன நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவர் ஆகிவிடுவீர்கள். வேண்டாம்.

கொடைக்கானல் வாசகி: எங்களுக்கும் உதகைதானா?

இல்லை. உங்களுக்குத் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ரிட் என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. மற்றதெல்லாம் மேலே சொன்னதே.

எடப்பள்ளியிலிருந்து ஒரு பாட்டி, பேத்தி எழுதித் தந்தது: வழக்கெல்லாம் வேண்டாம் தாயே. பேரன் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

பாட்டி, உங்களுக்குத்தான் பொறுமையாக எழுத ஆசை. மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் இயன்முறைப் பயிற்சி கிடைக்கும், தள்ளிப்போடாமல் தொடங்குங்கள். மாற்றுத்திறனாளி சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் வாங்குங்கள். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு ‘நிராமயா’ என்ற காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. மாதப் பராமரிப்புத் தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள். இதற்கெல்லாம் யார்மீதும் வழக்கு வேண்டாம். காகிதங்களை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பேத்தி பத்திரமாக வைக்கட்டும்.

வெலிங்டன் வாசகி: ஸ்கேனில் கொடி இரண்டு சுற்று…

இரண்டானாலும் முதல் பதில்தான். மருத்துவரிடம் சொல்லிக் கவனித்துவாருங்கள்.

மஞ்சூர் தந்தை: நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன். என்னவென்று எழுதிக் கொடுப்பது?

இப்படி எழுதுங்கள்: ‘இன்ன தேதியில் இன்ன உள்நோயாளி எண்ணில் பிரசவித்த என் மனைவியின் முழு மருத்துவப் பதிவேடுகள், குழந்தையின் பதிவேடுகள், சி.டி.ஜி. பட்டை, மயக்க மருந்து மற்றும் அறுவைக் குறிப்புகள் ஆகியவற்றின் நகல்களை 72 மணி நேரத்துக்குள் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.’ கீழே மனைவியின் கையெழுத்து, தேதி. இரண்டு பிரதி. ஒன்றில் அவர்கள் முத்திரையும் நேரமும் போட்டுத் தரும்வரை கவுன்டரை விட்டு நகராதீர்கள். வாங்க மறுத்தால் அங்கிருந்து நேராகத் தபால் நிலையத்துக்குப் போய், சேர்ந்ததற்கான சான்றுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள்.