போட்டோவுல நேரத்தை எப்படிப்பா புடிக்க முடியும்?

கேள்வி இதான்: போட்டோன்னா ஒரு செகண்டு, அதுல எப்படி நேரம் ஓடும்? ரெண்டு பேரை வெச்சு சொல்றேன்.

ஹிரோஷி சுகிமோட்டோ, ஜப்பான் போட்டோகிராஃபரு, 1970கள்லயே ஆரம்பிச்சிட்டாரு. தியேட்டர்ல பெரிய ஃபிலிம் கேமராவை நிக்க வெச்சு படம் ஆரம்பிக்கும்போது ஷட்டரை, அதாவது வெளிச்சத்தை உள்ள விடுற கதவை, தொறந்து முடியும்போதுதான் மூடுவாரு. ரெண்டரை மணி நேரப் படம்னா செகண்டுக்கு 24 ஃபிரேம், கணக்குப் போட்டா 2,16,000 ஃபிரேம், சண்டை பாட்டு அழுகை எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கடைசில ஸ்கிரீன் வெறும் வெள்ளையா நிக்கும், அந்த வெளிச்சத்துல காலி சீட்டும் சுவரும் மட்டும் தெரியும். எங்க தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரை அப்படி யாராச்சும் எடுத்து வெச்சிருக்கக் கூடாதான்னு எனக்கு ஒரு ஏக்கம்.

இன்னொருத்தர் கிறிஸ்டியன் மார்க்லேன்னு ஒரு கலைஞர், இவரு போட்டோ இல்ல, வீடியோல நேரத்தைப் புடிச்சாரு. 2010ல 'தி க்ளாக்'னு 24 மணி நேர வீடியோ, ஆயிரக்கணக்கான படத்துலேருந்து கடிகாரம் வர்ற சீன்களை வெட்டி ஒட்டினது. வெளிய மணி 4:10ன்னா ஸ்கிரீன்லயும் 4:10. கதைக்குள்ள மூழ்கவே முடியாது, நம்ம நேரம் போறது நமக்கே தெரியும்.

நீங்களே பாக்கணுமா? காசிமேட்டுல காலைல மீன் ஏலம் நடக்கும்போது போனை ஆடாம வெச்சு லாங் எக்ஸ்போஷர் போடுங்க, அதாவது ஷட்டர் ரொம்ப நேரம் தொறந்தே இருக்குற மாதிரி. நான் எடுத்தப்போ நடக்குறவங்க எல்லாம் புகையாயிட்டாங்க, அருவாமனைல மீன் வெட்டிட்டிருந்த அக்கா மட்டும் தெளிவா இருந்தாங்க, ஆடிட்டே இருந்த அவங்க கை மட்டும் படத்துல இல்ல.