மின் இணைப்பு இல்லாத தோட்டத்தில் குடியேறப் போகிறோம், முதலில் எதைச் செய்வது?

சோலார் விலை விசாரிக்கும் முன் தண்ணீர்க் கணக்கைப் போடுங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடிக் கூரை, ஆண்டுக்கு 900 மி.மீ. மழை என்றால், சேதாரம் போக 60,000 லிட்டருக்கு மேல் பிடிக்கலாம். நாலு பேர் குடிக்கவும் சமைக்கவும் வருஷத்துக்கு 15,000 லிட்டர் போதும். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். தூசியும் பறவை எச்சமும் போய்விடும். தொட்டிக்குள் வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும்.

கிணற்று மோட்டாரை பேட்டரியில் ஓட்டவே வேண்டாம். வெயில் நேரத்தில் சோலாரில் நேரடியாக ஓட்டி மேல்தொட்டியை நிரப்புங்கள். இரவு விளக்குக்கும் ஃபேனுக்கும் சின்ன பேட்டரி போதும்.

அடுப்புக்கு கோபர் கேஸ் நல்லதுதான். ஆனால் 2 கன மீட்டர் கலனுக்குத் தினமும் 50 கிலோ சாணம் வேண்டும். நாலைந்து மாடுகளுக்குத் தீவனம் உண்டா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.