நியோன்யா பீங்கான் அசலா போலியா என்று எப்படிப் பார்ப்பது?

"பினாங்குக்குப் போகிறேன், பெரனாக்கன் வீடுகளில் புழங்கிய பழைய பீங்கான் ஒன்று வாங்க ஆசை, அடியில் சீன முத்திரை இருந்தால் நம்பி வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். முத்திரையை நம்பி 1,800 வெள்ளியைத் தொலைத்தவன் சொல்கிறேன். (மலேசிய ரிங்கிட்டை இங்கே நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம். பெரனாக்கன் என்றால், முற்காலத்தில் மலாய் மண்ணில் குடியேறி உள்ளூர் வழக்கங்களோடு கலந்துவிட்டவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களில் சீன வழி வந்த ஆண்களை பாபா, பெண்களை நியோன்யா என்பார்கள்.)

2012-இல் நடந்தது. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஒரு கடையில் கம்செங் ஒன்று கண்ணில் பட்டது. கம்செங் என்றால் மூடி போட்ட உருண்டை ஜாடி. மூடியின் உச்சியில் பிடிக்கக் குமிழாக ஒரு குட்டிச் சிங்கம் உட்கார்ந்திருக்கும். ரோஸ் நிறப் பின்னணியில் ஃபீனிக்ஸ் பறவையும் பியோனிப் பூவும். அடியில் சிவப்பு முத்திரை. தவுக்கே, அதாவது கடை முதலாளி, ஒரு கதையும் சொன்னார்: வயதான நியோன்யா அம்மா இறந்துவிட்டாராம், பேரப்பிள்ளைகள் எல்லாம் ஆஸ்திரேலியாவில், வீட்டைக் காலி செய்கிறார்களாம். அதற்குப் பிறகு இதே கதையை நான் வேறு ஐந்தாறு கடைகளில் கேட்டுவிட்டேன். பேரப்பிள்ளைகள் இருக்கும் நாடு மட்டும் மாறும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தேன். அம்மாவுக்குச் சீனப் பீங்கான் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் நாற்பது வருடம் ஊறுகாய் ஜாடியோடு பழகிய கை. மூடியை எடுத்து, உள்விளிம்பில் கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டினார். "இத யாருடா தொறந்து மூடினா? உப்புத்தாள் மாதிரி இருக்கு."

அவ்வளவுதான். மூடியும் ஜாடியும் உரசும் இடத்தில் மெருகு, அதாவது கண்ணாடி போன்ற மேல்பூச்சு, இருக்காது. சூளையில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று அந்த விளிம்பை மட்டும் துடைத்துவிடுவார்கள். ஒரு வீட்டில் ஐம்பது அறுபது வருடம் திறந்து மூடிய ஜாடியில் அந்த விளிம்பு வழவழவென்று தேய்ந்து, லேசாகப் பழுப்பேறியிருக்கும். என்னுடையது சொரசொரவென்று இருந்தது. அதே சமயம் சிங்கத்தின் மேலிருந்த தங்கப் பூச்சு தேய்ந்திருந்தது. எங்கே தேய்ந்திருந்தது என்று அப்போதுதான் பார்த்தேன்: தலையில், முதுகில், காதுக் குழிக்குள், கால் இடுக்கில், எல்லா இடத்திலும் ஒரே அளவாக. காதுக் குழிக்குள் யார் விரலை விடுவார்கள்? அன்று இரவு அடிப்பாகத்தை வெந்நீரில் சோப்புக் கரைத்து ஊறவைத்தேன். பழசாகக் காட்டப் பூசிய சாயம் கரைந்து காலையில் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது, அடிவளையம் (ஜாடி நிற்கும் அடிவிளிம்பு) பளீரென்று வெள்ளையாக இருந்தது.

அதிலிருந்து என் வழி இதுதான்: கலைப்பொருளாகப் பார்ப்பதற்கு முன்னால் பாத்திரமாகப் பாருங்கள். இவை அலங்காரத்துக்கு மட்டும் வைத்திருந்தவை அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் பாபா குடும்பங்களுக்காகச் சீனாவின் ஜிங்தேசென் நகரத்தில் செய்து கப்பலில் வந்தவை. கல்யாணத்துக்கும் விசேஷத்துக்கும் எடுத்துக் கழுவி, பரிமாறி, மறுபடி அலமாரியில் ஏற்றியவை. கரண்டி எங்கே இடிக்கும், தட்டின் மேல் தட்டு அடுக்கினால் எங்கே உரசும், கை எங்கே பிடிக்கும் என்று யோசியுங்கள். தேய்மானம் அங்கே இருக்க வேண்டும். மற்ற இடத்தில் இருக்கக் கூடாது.

முத்திரைக்கு வருவோம். சீனக் குயவர்களுக்கு முந்தைய அரசரின் பெயரைப் போடுவது பழைய வழக்கம். காங்ஷி காலத்து (1662–1722) பாத்திரங்களில் 15-ஆம் நூற்றாண்டு செங்ஹுவா அரசரின் முத்திரை இருக்கும். 19-ஆம் நூற்றாண்டு நீல-வெள்ளைப் பாத்திரங்களில் காங்ஷியின் முத்திரை ஏராளம். இது ஏமாற்று வேலை என்றே சொல்ல முடியாது, பாதி மரியாதை. நியோன்யா பாத்திரங்களில் தொங்சி (1862–1874), குவாங்ஷு (1875–1908) முத்திரைகள் வரும், கடை முத்திரைகளும் வரும், ஒன்றுமே இல்லாமலும் வரும். இன்றைக்கு அதே ஜிங்தேசென்னில் புதிதாகச் செய்பவர்களுக்கு அந்த எழுத்துகளை எழுதுவதா கஷ்டம்?

வண்ணம்தான் அதிகம் பேசும். வெள்ளைப் பாத்திரத்தை முதலில் சுமார் 1,300 டிகிரியில் சுட்டுவிடுவார்கள். அப்புறம் மெருகின் மேல் எனாமல் வண்ணம் தீட்டி, 700, 800 டிகிரியில் இன்னொரு தடவை சுடுவார்கள். அதனால் வண்ணம் மெருகுக்கு மேலே கொஞ்சம் மேடாக நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே இதழ் எது, இலை எது என்று தெரியும். முதலில் தேய்வதும் இதுதான். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (சின்ன பூதக்கண்ணாடி) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். படம் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சடித்து ஒட்டியது. கடைக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். தூரிகைக் கோடு தெரிந்தால் மட்டும் அசல் ஆகிவிடாது, இப்போதும் கையால் தீட்டுகிறார்கள். கீறல்களைப் பாருங்கள். புழக்கத்தில் வந்த கீறல் நீளம், ஆழம், திசை எல்லாவற்றிலும் தாறுமாறாக இருக்கும். உப்புத்தாள் கீறல் வரிசை கட்டி ஒரே பக்கம் ஓடும். அமிலத்தில் முக்கிப் பளபளப்பைக் குறைத்திருந்தால் மேல்பரப்பு முழுக்க ஒரே மாதிரி மங்கி, உயிர் போன மாதிரி இருக்கும்.

இன்னொன்று, பாத்திரத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பாருங்கள். பழைய எனாமலில், குறிப்பாக நீலத்தையும் பச்சையையும் சுற்றி, சிப்பியின் உள்பக்கம் போல மெல்லிய வானவில் மினுக்கம் தெரியும். இதையும் போலியாக வரவழைக்கிறார்கள் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

சில நேரம் கடைக்காரரின் வாயே காட்டிக்கொடுத்துவிடும். ஒருவர் என்னிடம் நீல-வெள்ளைத் தட்டுகளை "கல்யாண செட்" என்று விற்கப் பார்த்தார். பெரனாக்கன் வீடுகளில் நீல-வெள்ளை துக்கத்துக்கும் முன்னோர் படையலுக்கும் எடுப்பது. கல்யாணத்துக்கு ரோஸ், பச்சை, மஞ்சள் என்று கண்ணைப் பறிக்கும் வண்ணம்தான். ஒன்று தட்டு பொய், அல்லது கதை பொய்.

அசலாகவே இருந்தாலும் ஒட்டுப்போட்டதா என்று பார்க்க வேண்டும், விலை பாதிக்கும் கீழே போய்விடும். கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை இருட்டில் அடியுங்கள். பிசின் வைத்து நிரப்பிய இடம் தனியாக ஒளிரும். சுண்டிப் பார்க்கலாம். விரிசல் இல்லாத கிண்ணம் கணீரென்று சொல்லும்.

நகை பக்கம் போகிறீர்கள் என்றால், நியோன்யாக்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் கெரோசாங் என்ற மூன்று ப்ரூச் செட்டில் பெரியதுக்கு 'இபு', அதாவது தாய் என்று பெயர். சின்னவை இரண்டும் பிள்ளைகள். பழையவற்றில் 'இந்தான்' எனப்படும் ரோஜா வெட்டு வைரம் இருக்கும், இன்றைய நகைபோல மின்னாது. இந்த நகைகளைச் சீனத் தட்டான்கள் மட்டும் செய்யவில்லை, இந்திய, இலங்கைத் தட்டான்களும் செய்தார்கள். பெரனாக்கன் என்றாலே சீனர் என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். தமிழ் வழி வந்த மலாக்கா செட்டிகளும் பெரனாக்கன்தான், மலாய் பேசிக்கொண்டு மாரியம்மனைக் கும்பிடுபவர்கள்.

வாங்குவதற்கு முன் கண்ணைப் பழக்குங்கள். சர்ச் ஸ்திரீட்டில் இருக்கும் பினாங்கு பெரனாக்கன் மாளிகைக்கு ஒரு முழுக் காலைப்பொழுது ஒதுக்குங்கள். சிங்கப்பூர் வழியாக வந்தால் ஆர்மேனியன் ஸ்திரீட்டில் உள்ள பெரனாக்கன் அருங்காட்சியகம். 2023-இல் புதுப்பித்துத் திறந்தார்கள். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைத் தொட முடியாதே. அதற்கு உடைந்ததை வாங்க வேண்டும். பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் விளிம்பு போன பழைய சாசர், மூடி தொலைந்த கிண்ணம் எல்லாம் பத்து இருபது வெள்ளிக்கு நான் வாங்கியிருக்கிறேன். உடைந்த முகத்தில் மண் எப்படி இருக்கிறது, அடிவளையம் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று விரலுக்குச் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

பெரிய தொகை கொடுப்பதாக இருந்தால் பில்லில் காலத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்: 'சுமார் 1900, ஒட்டு இல்லை' என்று. வாயால் நூறு வருடம் சொல்பவர் பேனாவை எடுக்கும்போது தயங்குவார் பாருங்கள். மலேசியாவில் 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. பழம்பொருளை வெளியே கொண்டுபோக அனுமதி வேண்டுமா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

என்னுடைய அந்த 1,800 வெள்ளி கம்செங்கைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், தவுக்கே வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது அம்மா அதில் கல்லுப்பு போட்டு வைத்திருக்கிறார். தினமும் திறந்து மூடுவதில் மூடியின் விளிம்பு இப்போதுதான் கொஞ்சம் வழவழப்பாகிக்கொண்டு வருகிறது.